ஆயிரம் பொற்காசுக்கு விற்ற நாடு

போலந்தின் தோருன் நகரத்தில் போஸ்னான் போகும் ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் க்னியெவ்கோவோ வந்துவிடும். சந்தைச் சதுக்கம், செங்கல் தேவாலயம், சுற்றிலும் வயல்கள் என்று அந்தப் பக்கத்துச் சிற்றூர்கள் எல்லாம் இருப்பதுபோல்தான் இதுவும் இருக்கும். 14ஆம் நூற்றாண்டில் இது ஒரு நாட்டின் தலைநகரம். நாடு என்றால் ஒரு குதிரைக்காரன் காலையில் ஒரு முனையில் கிளம்பி, மத்தியானம் சாப்பாட்டுக்கு மறுமுனையில் இறங்கிவிடக்கூடிய அளவு. இந்த நாட்டின் கடைசி அரசனைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பெயர் விளாதிஸ்லாவ். வெள்ளை விளாதிஸ்லாவ் என்பார்கள்.

போலந்தின் பியாஸ்ட் வம்சத்தில் பெரிய மன்னர்களுக்குக் குறைவில்லை. ஆனால் எனக்கு எப்போதும் அதன் உதிரிகள் மேல்தான் கண். 1138இல் மூன்றாம் போலெஸ்லாவ் சாகும்போது நாட்டை மகன்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார். அந்த மகன்கள் தங்கள் மகன்களுக்குப் பிரித்தார்கள், அவர்கள் பேரன்களுக்கு. பாகப்பிரிவினை இரண்டு நூற்றாண்டு ஓடினால் என்ன மிஞ்சும்? குயாவியா என்ற வட்டாரமே அவ்வளவு பெரிதில்லை. அதில் ஒரு பங்கு சியெமோமிஸ்லுக்கு வந்தது. அவருக்கு மூன்று மகன்கள். 1314 வாக்கில் அவர்கள் பிரித்துக்கொண்டபோது ஒருவருக்கு இனோவ்ரொத்ஸ்லாவ், இன்னொருவருக்கு பிட்கோஷ்ச், கடைக்குட்டி காசிமிருக்கு க்னியெவ்கோவோ. இந்தக் கடைக்குட்டிதான் நம் விளாதிஸ்லாவின் அப்பா.

அப்பா காசிமிருக்கு ஒரு சித்தப்பா இருந்தார். குள்ளமானவர் என்பதால் வோகியெத்தெக், அதாவது 'முழங்கையளவு' என்று பட்டப்பெயர் வாங்கியவர். அவரும் குயாவியாவின் ஒரு துண்டில் தொடங்கியவர்தான். ஆனால் விடாப்பிடியாகச் சண்டை போட்டு, நாடு கடந்து, திரும்பி வந்து, 1320இல் கிராக்கோவில் போலந்து மன்னராக முடிசூட்டிக்கொண்டார். ஒரே வீட்டில் ஒரு கிளை அரியணை ஏறியது. மற்றது ஒரு ஊரும் சில கிராமங்களுமாக நின்றுவிட்டது.

அந்தச் சின்ன நாட்டுக்கு அண்டை வீட்டுக்காரர் வேறு பயங்கரமானவர். விஸ்துலா ஆற்றுக்கு அந்தப் பக்கம் தோருன், தியூட்டானிக் வீரத்துறவியர் என்ற ஜெர்மானியச் சிலுவைப்போர் அமைப்பின் கையில் இருந்தது. 1332இல் அவர்களுடைய படை குயாவியாவுக்குள் இறங்கியபோது, எதிர்க்க முடியாது என்று தெரிந்த அப்பா காசிமிர் க்னியெவ்கோவோவில் தன் கோட்டைக்குத் தானே தீ வைத்துவிட்டு விலகிப் போனார். 1343இல் காலிஷ் உடன்படிக்கை ஏற்பட்டு குயாவியா போலந்துக்குத் திரும்பிய பிறகுதான் குடும்பத்துக்கு ஊர் மீண்டும் கிடைத்தது. விளாதிஸ்லாவ் பிறந்தது 1327க்கும் 1333க்கும் இடையில் என்று கணிக்கிறார்கள். அப்படியானால் அவருடைய பிள்ளைப்பருவம் முழுக்க சொந்த ஊர் எதிரி கையில்.

இந்தக் குடும்பத்தில் உண்மையான அதிர்ஷ்டம் அடித்தது அக்காவுக்கு. பெயர் எலிசபெத். இந்த ஓட்டாண்டிச் சிற்றரசரின் மகளை போஸ்னியாவின் ஆட்சியாளர் இரண்டாம் ஸ்டீபன் கோட்ரோமானிச் திருமணம் செய்துகொண்டார். குயாவியாவிலிருந்து போஸ்னியாவுக்கு ஏன் பெண் எடுக்க வேண்டும் என்று தோன்றும். இடையில் நிற்பது ஹங்கேரி அரசவை. ஹங்கேரி மன்னரின் மனைவி வோகியெத்தெக்கின் மகள். பெண்ணுக்கு அத்தை முறை. போஸ்னியாவை ஹங்கேரியோடு கட்டிப்போட ஒரு உறவுக்காரப் பெண் தேவைப்பட்டாள், அவ்வளவுதான்.

அந்த தம்பதிக்குப் பிறந்த மகளும் எலிசபெத்தான். (இந்தக் கதையில் முக்கால்வாசிப் பெண்கள் எலிசபெத், நான் ஒன்றும் செய்வதற்கில்லை.) அவள் புடா அரண்மனையில் வளர்ந்தாள். 1353இல் ஹங்கேரி மன்னர் லூயி அவளை மணந்தார். ஆக, க்னியெவ்கோவோவின் விளாதிஸ்லாவ் ஹங்கேரி ராணிக்குத் தாய்மாமன். இந்த உறவை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நம் ஆளுக்கு வருவோம்.

அப்பா இறந்த பிறகு ஆட்சி அவர் கைக்கு வந்தது. மேல் சைலேசியாவில் ஸ்த்ஷெல்ட்ஸே சிற்றரசரின் மகளைத் திருமணம் செய்தார் (அவளும் எலிசபெத்). ஓரிரு வருடத்திலேயே, 1360 வாக்கில், அவள் இறந்துபோனாள். குழந்தை இல்லை. இது ஒருபுறம் இருக்க, கெம்பா என்ற ஊரைச் சேர்ந்த ஹன்கோவோடு ஒரு வழக்கு. வழக்கு மன்னரிடம் போனது. மன்னர் என்றால் வோகியெத்தெக்கின் மகன், போலந்து வரலாற்றிலேயே 'மகா' என்ற அடைமொழி பெற்ற ஒரே மன்னர், மூன்றாம் காசிமிர். தீர்ப்பு விளாதிஸ்லாவுக்கு எதிராக வந்தது.

அதற்கு அவர் செய்த காரியம்தான் இன்றைக்கும் பேசப்படுகிறது. 1363–64 வாக்கில் தன் நாட்டையே மன்னரிடம் 1000 ஃபுளோரின் பொற்காசுக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கோபக்காரன், அவசரக்குடுக்கை என்று எழுதுபவர்கள் உண்டு. கோபம் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு அவருக்குச் சொன்ன செய்தியை யோசித்துப் பார்க்கிறேன். ஒரு சாதாரண ஆள் தன்னோடு வழக்காடி மன்னரிடம் ஜெயித்துவிட முடியும் என்றால், 'ஆட்சி' என்று தன் பெயருக்கு முன்னால் எழுதிக்கொள்வதில் என்ன இருக்கிறது? காசிமிர் ஒரே நாடு, ஒரே சட்டம் என்று போலந்தை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த காலம். எல்லையோரத்தில் ஒரு உறவுக்காரனின் குட்டி நாடு நீடிப்பதில் அவருக்கு விருப்பம் இருந்திருக்காது. மனைவியும் இல்லை, வாரிசும் இல்லை. விற்றது எனக்குப் புரிகிறது. ஆயிரத்துக்கு விற்றதுதான் உறுத்துகிறது.

கையில் காசு, காலில் சக்கரம். தியூட்டானிக் துறவியரின் தலைமையிடமான மால்போர்க்குக்குப் போனார், அப்பாவின் ஊரைப் பறித்த அவர்களோடே சேர்ந்து லித்துவேனியா மீது படையெடுப்பில் கலந்துகொண்டார். எருசலேமுக்கு யாத்திரை போனார். பிராகில் பேரரசர் நான்காம் சார்லஸின் அரசவையில் தலைகாட்டினார். கடைசியில் போப் ஐந்தாம் ஊர்பன் இருந்த அவிஞ்ஞோன் போய்ச் சேர்ந்தார். 1366இல் பர்கண்டியில் உள்ள சித்தோ மடத்தில் துறவியானார். சிஸ்டெர்சியத் துறவிகள் உடுத்துவது வெள்ளை அங்கி. 'வெள்ளை' என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து, வெளிறிய தலைமுடியால் வந்தது என்பது இன்னொரு கருத்து. அங்கிதான் காரணம் என்றால் வேடிக்கை, ஏனென்றால் ஒரு வருடம் போல இருந்துவிட்டு திஜோன் நகரத்து சான் பெனீஞ் மடத்துக்கு மாறிவிட்டார். அது பெனடிக்ட் துறவியர் மடம். அங்கே அங்கி கறுப்பு.

மடத்துக்குள் போனவரின் கதை பொதுவாக அங்கேயே முடிந்துவிடும். இது முடியாததற்குக் காரணம் 1370 நவம்பர் 5ஆம் தேதி. அன்று மகா காசிமிர் இறந்தார். நான்கு திருமணம், முறைப்படியான ஆண் வாரிசு ஒன்றுகூட இல்லை. முன்பே செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, அக்கா மகனான ஹங்கேரி லூயி வந்து பன்னிரண்டே நாளில் முடிசூட்டிக்கொண்டார். அப்புறம் கொஞ்ச காலத்திலேயே கிரீடத்தையும் எடுத்துக்கொண்டு ஹங்கேரிக்குத் திரும்பிவிட்டார். போலந்தை அவருடைய அம்மா பார்த்துக்கொண்டார்.

வடக்கே போஸ்னானைச் சுற்றியிருந்த பெரும் போலந்து என்ற வட்டாரத்துக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. கிராக்கோவ் பக்கத்து ஆளைக் கொண்டுவந்து தங்களுக்கு அதிகாரியாக வைத்தது இன்னும் எரிச்சல். பியாஸ்ட் வம்சத்தில் வேறு ஆள் இல்லையா என்று தேடினார்கள். மசோவியாவிலும் சைலேசியாவிலும் கிளைகள் இருந்தன. ஆனால் அரியணை ஏறிய குயாவியக் கிளையில் உயிரோடு மிஞ்சியிருந்த ஒரே ஆண், திஜோனில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த விளாதிஸ்லாவ். ஆள் அனுப்பி அழைத்தார்கள்.

அவர் எழுந்துவிட்டார். அவிஞ்ஞோனுக்குப் போய், துறவற வாக்கிலிருந்து விடுதலை கேட்டார். அப்போதிருந்த போப் பதினோராம் கிரிகோரி மறுத்துவிட்டார். விளாதிஸ்லாவ் திஜோனுக்குத் திரும்பவில்லை. புடாவுக்குப் போனார், அக்கா மகளிடம். ராணியின் தாய்மாமன் என்ற முறையில் அரண்மனைக் கதவு திறந்திருக்கும். ஆனால் அந்த ராணியின் கணவருடைய அரியணைக்குத்தானே இவர் போட்டி! லூயியிடம் அவர் கேட்டது என்னவோ பழைய க்னியெவ்கோவோவைத்தான். லூயி இழுத்தடித்தார். பொறுத்துப் பார்த்தவர், ஒரு நாள் வடக்கே கிளம்பிவிட்டார்.

1373 செப்டம்பரில், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு, சில நாட்களுக்குள் இனோவ்ரொத்ஸ்லாவ், க்னியெவ்கோவோ, ஸ்வோட்டோரியா, ஷார்லே என்று நான்கு இடங்களைப் பிடித்தார். நாற்பதைத் தாண்டிய, போப்பின் அனுமதி இல்லாமல் மடத்தைவிட்டு வெளியேறிய ஒரு துறவி. படை என்று சொல்ல ஒன்றும் இல்லை. இவ்வளவு எளிதாக நடந்தது எப்படி? உள்ளூரில் பலர் இவரை வேற்றாளாகப் பார்க்கவில்லை என்பதுதான் ஒரே விளக்கம்.

இதையெல்லாம் நமக்குச் சொல்பவர் யான்கோ. சார்ன்கூவ் ஊர்க்காரர், காசிமிரின் துணைச் சான்சலர், க்னியெஸ்னோ பேராலயத்தில் பெரிய பதவியில் இருந்தவர். லூயி வந்ததும் பதவி போனது. அதோடு, செத்துப்போன காசிமிரின் கல்லறையைத் திறந்து கிரீடத்தையும் செங்கோலையும் திருடினார் என்று குற்றச்சாட்டு. நாடு கடத்தப்பட்டார். திரும்பி வந்து எழுதிய வரலாற்றில் லூயியையும் அவர் அம்மாவையும் ஆசை தீரத் திட்டியிருக்கிறார். விளாதிஸ்லாவின் சாகசங்களை மட்டும் ரசித்து நீட்டி எழுதுகிறார். இருவருக்கும் தொடர்பு இருந்ததென்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுவதில் வியப்பில்லை. 1869இல் கிராக்கோவின் வாவெல் தேவாலயத்தில் பழுது பார்க்கும்போது காசிமிரின் கல்லறை தற்செயலாகத் திறந்துகொண்டது. பொன்முலாம் பூசிய செப்புக் கிரீடமும் செங்கோலும் எலும்புகளோடு உள்ளேயே இருந்தன. அது யான்கோவை முழு நிரபராதி ஆக்கிவிடாது, அடக்கத்தின்போது வைத்த பொருள்கள் தனி என்று வாதிடலாம். இருந்தாலும் ஐந்நூறு வருடம் கழித்து பெட்டி திறந்து சாமான் சரியாக இருந்ததைப் படித்தபோது மனிதருக்காகச் சந்தோஷமாக இருந்தது.

பிடித்ததை வைத்துக்கொள்வது வேறு வேலை. பெரும் போலந்தின் அதிகாரி செஞ்சிவோய் படையோடு வந்தார். ஊர்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவ, விளாதிஸ்லாவ் எல்லைப்புறத்து த்ரெஸ்தென்கோவில் ஒரு பிரபுவிடம் அடைக்கலம் புகுந்தார். மறுபடி ஆள் சேர்த்துக்கொண்டு 1375இல் திரும்பி வந்தார்.

ஆனால் இரண்டு முயற்சிகளுக்கும் நடுவில் வேறொன்று நடந்திருந்தது. 1374இல் கோஷித்செ நகரத்தில் லூயி போலந்துப் பிரபுக்களோடு ஒரு பேரம் முடித்திருந்தார். லூயிக்கு மகன் இல்லை, மூன்று பெண்கள். அவர்களில் ஒருத்தியைத் தனக்குப் பின் ஏற்றுக்கொண்டால், பிரபுக்களின் நிலத்துக்கு வரியைக் குறைப்பதாகச் சொன்னார்: ஒரு லான் (அக்கால நில அளவு) உழவு நிலத்துக்கு வருடத்துக்கு 2 குரோஷ் வெள்ளிக்காசு மட்டும். பிரபுக்கள் சரி என்றார்கள். விளாதிஸ்லாவின் தோல்வியைப் போர்க்களத்தில் தேடுபவர்கள் இந்த இரண்டு குரோஷைக் கவனிப்பதில்லை என்பது என் ஆதங்கம். 1371இல் திஜோன்வரை ஆள் அனுப்பத் தயாராக இருந்த வர்க்கத்துக்கு 1375இல் பியாஸ்ட் மன்னன் தேவைப்படவில்லை. தூரத்து மன்னன், குறைந்த வரி. இதைவிட வசதி வேறென்ன?

இதில் இன்னொரு விசித்திரம். அந்த மூன்று பெண்களும் விளாதிஸ்லாவின் அக்காவுடைய பேத்திகள். அவருடைய உரிமையைத் தீர்த்துக்கட்டிய ஒப்பந்தமே அவருடைய வீட்டுப் பெண்ணுக்குத்தான் கிரீடம் எழுதிவைத்தது.

கடைசிச் சண்டை ஸ்வோட்டோரியாவில். த்ர்வென்ட்சா ஆறு விஸ்துலாவில் கலக்கும் முனையில் மகா காசிமிர் கட்டிய செங்கல் கோட்டை அது. இரண்டு பக்கம் தண்ணீர், அருகிலேயே தியூட்டானிக் எல்லை. 1376இல் விளாதிஸ்லாவை அதற்குள் வைத்து முற்றுகையிட்டவர்களில் ஸ்வுப்ஸ்க் நகரத்து காஷ்கோவும் ஒருவர். மகா காசிமிரின் மகள் வயிற்றுப் பேரன், தாத்தாவின் செல்லம், தாத்தா உயிலில் பல கோட்டைகளை எழுதிவைத்த பையன். லூயி அந்த உயிலை நறுக்கி, மீதியைத் தனக்குக் கட்டுப்பட்ட மானியமாகக் கொடுத்திருந்தார். ஸ்வோட்டோரியா அதில் சேர்ந்தது. ஆகவே காஷ்கோ தன் சொந்தக் கோட்டையை மீட்கத்தான் வந்திருந்தார். கோட்டையிலிருந்து வந்த ஒரு கல் அவரைத் தாக்கியது. 1377 ஜனவரி 2ஆம் தேதி பிட்கோஷ்சில் இறந்தார். காசிமிரின் அரியணைக்கு உரிமை பேசக்கூடிய இரண்டு பேர் கோட்டைச் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று மோதியதில் லாபம் யாருக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விளாதிஸ்லாவ் பணிந்தார். தண்டனை? தலை போகவில்லை, சிறையும் இல்லை. க்னியெவ்கோவோ மீதான எல்லா உரிமையையும் விட்டுக்கொடுத்ததற்கு லூயி அவருக்கு 10,000 ஃபுளோரின் கொடுத்தார். நாட்டைக் கையில் வைத்திருந்து விற்றபோது ஆயிரம். கையில் இல்லாத நாட்டை மறந்துவிடுவதற்குப் பத்தாயிரம். கூடவே, ஹங்கேரியின் மிகப் பழைய மடமான பன்னோன்ஹால்மாவுக்குத் தலைமைத் துறவி என்ற பதவியும். மடத்தைவிட்டு ஓடி, கோட்டைகளைப் பிடித்து, மன்னரின் பேரனைக் கொன்ற முற்றுகையை நடத்தியவருக்கு மடாதிபதிப் பதவி! தாய்மாமன் உறவு இங்கேதான் வேலை செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அங்கும் தரிக்கவில்லை. இரண்டு வருடம் போல இருந்துவிட்டு 1379 வாக்கில் பன்னோன்ஹால்மாவை விட்டு திஜோனுக்கே திரும்பினார்.

1382 செப்டம்பரில் லூயி இறந்தார். அதே மாதத்தில் அவிஞ்ஞோனில் இருந்த ஏழாம் கிளமெண்ட் விளாதிஸ்லாவைத் துறவற வாக்கிலிருந்து விடுவித்தார். அப்போது கிறித்தவ உலகத்தில் இரண்டு போப்புகள். ஒருவர் ரோமில், ஒருவர் அவிஞ்ஞோனில். போலந்து ரோமை ஏற்றுக்கொண்ட நாடு. அவிஞ்ஞோன் கொடுத்த விடுதலையை வைத்துக்கொண்டு கிராக்கோவில் யாரிடம் போய் நிற்பது? பத்து வருடம் முன்னால் கிடைத்திருக்க வேண்டிய தாள். அவர் போகவில்லை.

1384 அக்டோபரில் கிராக்கோவில் யத்விகா முடிசூட்டப்பட்டாள். வயது பத்து பதினொன்று. லூயியின் கடைசிப் பெண். ராணியாக அல்ல, சட்டப்படி 'மன்னர்' என்றே முடிசூட்டினார்கள். க்னியெவ்கோவோ காசிமிரின் கொள்ளுப்பேத்தி. இரண்டு வருடத்தில் லித்துவேனியாவின் யாகைலோவை மணந்து, அந்த நாட்டையே போலந்தோடு இணைத்தாள். வரலாற்றுப் புத்தகங்களில் யத்விகாவை வோகியெத்தெக்கின் வழியாகத்தான் பியாஸ்ட் என்பார்கள். அது தந்தைவழிப் பாட்டி பக்கம். தாய்வழிப் பாட்டி பக்கமும் பியாஸ்ட்தான், அது இந்த ஒன்றுமில்லாத ஊர் என்பது அடிக்குறிப்போடு நின்றுவிடும்.

அக்கா மகளின் முடிவு கொடுமையானது. லூயிக்குப் பின் ஹங்கேரியைத் தன் இன்னொரு மகள் மேரிக்காக ஆண்டவள், மேரிக்குப் பதிலாக எதிரிகள் அரியணையில் ஏற்றிய அரசரைக் கொல்ல ஏற்பாடு செய்தாள். பழிக்குப் பழியாக 1387 ஜனவரியில் குரோவேஷியாவின் நோவிகிராத் கோட்டையில் கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டாள். அடுத்த வருடம், 1388இல், ஸ்ட்ராஸ்பர்க் நகரில் விளாதிஸ்லாவ் இறந்தார். உடலை திஜோனுக்குக் கொண்டுபோய் சான் பெனீஞ்சில் அடக்கம் செய்தார்கள். அந்த மடத்துக் கோயில்தான் இன்று திஜோனின் பேராலயம்.

க்னியெவ்கோவோ? லூயி அதை வைத்துக்கொள்ளவில்லை. காஷ்கோ இறந்ததும் அந்த வட்டாரத்தைத் தன் நம்பிக்கைக்குரிய ஓபோலே சிற்றரசர் விளாதிஸ்லாவுக்குக் கொடுத்தார். (பெயரும் அதே.) அவருக்குப் பண நெருக்கடி வந்தபோது 1391இல் ஸ்வோட்டோரியா கோட்டையை மட்டும் தனியாகத் தியூட்டானிக் துறவியரிடம் அடகு வைத்தார், 6,632 ஃபுளோரினுக்கு. பிறகு போலந்து அதை மீட்டது. 1409இல் பெரும்போர் தொடங்கியதும் துறவியர் மறுபடி பிடித்து இடித்துத் தள்ளினார்கள். ஆற்றுமுனையில் இப்போது நிற்பது சில சுவர்த்துண்டுகள்தான். தோருனுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கோப்பர்நிக்கஸ் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஸ்வோட்டோரியா அங்கிருந்து பக்கம்தான், நேரமிருந்தால் ஒரு எட்டு போய் வரலாம்.